மூன்று விரல் கணக்கு

ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, செங்குத்தாகத் திருப்பி, மேல் முன்பற்களுக்கும் கீழ் முன்பற்களுக்கும் நடுவே நுழைத்துப் பார்க்கலாம். தாடை நலமாக இருக்கும் பெரியவர்கள் பெரும்பாலோருக்கு மூன்றும் நுழைந்துவிடும். அளவுகோல் வைத்தால் அந்த இடைவெளி ஏறத்தாழ 40 முதல் 50 மில்லிமீட்டர் வரும். 35 இருப்பவர்களும் உண்டு, 55-ஐத் தொடுபவர்களும் உண்டு. ஆண்களுக்குச் சராசரி சற்றுக் கூடுதல். ஆனாலும் விரல் கணக்கு அவ்வளவாகப் பொய்ப்பதில்லை. பெரிய ஆளுக்கு வாயும் பெரிது, விரலும் தடிப்பு.

மூன்றுக்குப் பதில் இரண்டுதான் நுழைகிறது, அல்லது ஒரு விரலுக்கே இடமில்லை என்றால், மருத்துவர்கள் அதை ட்ரிஸ்மஸ் என்று குறித்துக்கொள்கிறார்கள். 35 மில்லிமீட்டருக்குக் கீழே என்பது பல ஆய்வுகள் வைத்திருக்கும் எல்லைக்கோடு. மனிதர்களை இந்தக் கோட்டுக்குக் கீழே தள்ளும் காரணங்களில் அடிக்கடி எதிர்ப்படுவது, கீழ்த்தாடையின் கடைசிப் பல்லான ஞானப்பல்லை எடுப்பது.

சனிக்கிழமை பல் எடுத்தவருக்கு அன்று இரவு வாய் திறப்பதில் பெரிய தொல்லை இருக்காது. ஞாயிறு காலை கன்னம் வீங்கும். திங்களன்று பிரஷ்ஷின் தலை வாய்க்குள் போக மறுக்கும். இட்லியை நகத்தளவு கிள்ளி உள்ளே தள்ள வேண்டியிருக்கும். கொட்டாவி வந்தால் காதுவரை சுரீரென்று இழுக்கும். அந்த நேரம் பார்த்து வீட்டில் யாராவது, “டிடி ஊசி போட்டியா? தாடை பூட்டிக்கிட்டா ஆபத்துன்னு சொல்வாங்களே” என்று கிளப்பிவிடுவார்கள்.

பயப்பட வேண்டிய தாடைப் பூட்டும் உண்டு, பயப்படத் தேவையில்லாததும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய எடுத்த எடுப்பில் ஸ்கேன் தேவைப்படாது. வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது, பல் எடுத்து எத்தனை நாள் ஆகிறது என்ற இரண்டு எண்களே கதையின் பெரும்பகுதியைச் சொல்லிவிடும்.

கடைவாய் மூலையில் ஒரு நெரிசல்

தாடையை அசைக்கும் முக்கியத் தசைகள் பக்கத்துக்கு நான்கு. பல்லை இறுகக் கடித்தபடி கன்னத்தின் பின்பகுதியைத் தொட்டால் புடைத்துக்கொண்டு தட்டுப்படுவது மாசெட்டர். நெற்றிப்பொட்டில் விரலை வைத்துக் கடித்தால் அசைவது டெம்போராலிஸ். மூன்றாவது தசை வெளியிலிருந்து கைக்கு எட்டாது: தாடையெலும்பின் உட்பக்கத்தில், மாசெட்டருக்கு நேர் எதிரே ஒட்டியிருக்கும் உட்புற டெரிகாய்டு. இந்த மூன்றும் வாயை மூடுபவை. திறக்கும் வேலைக்கு இருப்பவை வெளிப்புற டெரிகாய்டும் மோவாய்க்குக் கீழே உள்ள சில மெல்லிய தசைகளும்தான்.

பலத்தில் இரு தரப்புக்கும் ஒப்பீடே கிடையாது. 1986-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒருவர் 442 கிலோ விசையுடன் இரண்டு நொடி கடித்துக் காட்டிக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தார். சாதாரண மனிதர்களின் கடைவாய்ப் பற்களே பல பத்துக் கிலோ விசையைத் தரும். ஆகவே மூடும் தசைகளில் ஒன்று ‘விடமாட்டேன்’ என்று முரண்டு பிடித்தால், திறக்கும் தசைகளால் அதை வெல்ல முடியாது.

ஞானப்பல் முளைக்கும் இடம் இந்தத் தசைகளின் நட்டநடுவில் இருக்கிறது. தாடையெலும்பு கிடையாக வந்து காதை நோக்கி மேலே திரும்பும் மூலை அது. வெளிப்பக்கம் மாசெட்டர், உட்பக்கம் உட்புற டெரிகாய்டு; பல்லுக்குச் சற்றுப் பின்னால் டெம்போராலிஸின் தசைநாண் இறங்கி எலும்பில் பிடித்துக்கொள்கிறது. எலும்புக்குள் சாய்ந்தோ படுத்தோ கிடக்கும் ஞானப்பல்லை எடுக்க வேண்டுமானால் ஈறைக் கீறி விலக்க வேண்டும், நீரைப் பாய்ச்சிக்கொண்டே எலும்பைக் கொஞ்சம் குடைய வேண்டும், பல்லை இரண்டு மூன்று துண்டாக்க வேண்டும், பிறகு தையல் போட வேண்டும். அவ்வளவு நேரமும் வாய் முழுதாகத் திறந்தே இருக்கும்.

அடிபட்ட திசு, புரோஸ்டாகிளாண்டின், பிராடிகைனின் முதலான வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. இரத்தக் குழாய்கள் விரிந்து, நீர் கசிந்து, கன்னம் உப்புகிறது. வலி நரம்புகளின் கூருணர்வு கூடுகிறது. பக்கத்தில் இருக்கும் தசைகளும் இந்த அழற்சிக்குள் மாட்டிக்கொள்கின்றன. முன்பல் ஒன்றை எடுத்தவருக்கு வாய் பூட்டிக்கொள்ளாததற்கும், கீழ் ஞானப்பல் எடுத்தவருக்குப் பூட்டிக்கொள்வதற்கும் இந்த அண்டை வீட்டார்தான் காரணம்.

தசை ஏன் திறக்க மறுக்கிறது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. வலி தசையை இழுத்துப் பிடிக்கிறது, இழுத்துப் பிடித்த தசை மேலும் வலியைத் தருகிறது என்ற சுழற்சிதான் 1940-களிலிருந்து பாடப்புத்தகங்களில் இருந்தது. 1991-ல் கனடாவின் ஜேம்ஸ் லண்டும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் இதைக் கேள்வி கேட்டார்கள். வலிக்கும் தசைகளில் மின் செயல்பாட்டை அளந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தசை எப்போதும் முறுக்கிக்கொண்டு நிற்கவில்லை. நரம்பு மண்டலம் அசைவின் வீச்சையும் வேகத்தையும் தானே குறைத்து, காயம்பட்ட இடத்துக்கு வேலை கொடுக்காமல் பார்த்துக்கொள்கிறது என்றார்கள். இரண்டு விளக்கங்களுக்கும் இன்றும் ஆதரவாளர்கள் உண்டு. சிகிச்சை செய்பவருக்கு லண்டின் கருத்தில் ஒரு பயன் இருக்கிறது: காப்பதற்காகப் போட்ட கட்டுப்பாட்டை வலுக்கட்டாயமாக உடைத்தால் கட்டுப்பாடு இன்னும் இறுகும், வலிக்காத எல்லைக்குள் மெல்ல மெல்ல நகர்த்தினால் தளரும்.

ஊசி போன வழி

சிலருக்கு அறுவை சிகிச்சையே இல்லை. பல் சுலபமாக வந்துவிட்டது, அல்லது வேர் சிகிச்சை மட்டும்தான் நடந்தது. அப்படியும் இரண்டு மூன்று நாள் கழித்து வாய் திறக்கவில்லை. இங்கே சந்தேகம் மரத்துப்போகும் ஊசியின் மேல் விழுகிறது.

கீழ்த்தாடையின் ஒரு பாதியை முழுதாக மரக்கச் செய்யும் முறைக்கு வயது 140 ஆண்டுக்கு மேல். 1884-ல் வியன்னாவின் கார்ல் கோலர் கண் அறுவைக்குக் கொக்கெய்ன் சொட்டு மருந்தைப் பயன்படுத்திக் காட்டினார். அந்த ஆண்டு முடிவதற்குள் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட், ரிச்சர்ட் ஹால் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் அதே கொக்கெய்னைத் தாடை நரம்பின் அருகே செலுத்திப் பார்த்துவிட்டார்கள். தங்கள் உடம்பிலேயே சோதித்ததால் இருவரும் அந்தப் போதைக்கு அடிமையானது தனிக் கதை. 1905-ல் புரோகெய்ன் வந்தது; 1943-ல் ஸ்வீடனின் நில்ஸ் லோஃப்கிரென் லிடோகெய்னை உருவாக்கினார். மருந்து மாறினாலும் ஊசி போகும் பாதை பெரிதாக மாறவில்லை.

அந்தப் பாதையின் ஓரத்தில்தான் உட்புற டெரிகாய்டு தசை இருக்கிறது. ஊசிமுனை சற்று உட்பக்கம் சரிந்தால் தசையைக் குத்திவிடும். வழியில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய் ஒன்று கீறப்பட்டால் தசைக்குள் இரத்தம் கட்டும். எலும்பில் முட்டி முனை மடங்கிய ஊசி திரும்பி வரும்போது தசை நாரைக் கிழிப்பதும் உண்டு. மரக்கும் மருந்துகளுக்கே தசைநார்களை ஓரளவு சேதப்படுத்தும் தன்மை இருக்கிறது. இதெல்லாம் கைப்பழக்கம் மிகுந்த மருத்துவருக்கும் நேரக்கூடியவை. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் நடப்பவை. இப்படி வரும் இறுக்கத்தில் வெளியே வீக்கம் இருக்காது, காய்ச்சல் இருக்காது. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தளர்ந்துவிடும். தசைக்குள் நிறைய இரத்தம் கட்டியிருந்தால் இன்னும் சில வாரங்கள் ஆகலாம்.

25 மில்லிமீட்டர் என்னும் தடயம்

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயை மெல்லத் திறந்தால் தாடை மூட்டின் அசைவை உணரலாம். முதல் 20 முதல் 25 மில்லிமீட்டர்வரை தாடையெலும்பின் குமிழ் கதவுக் கீல் போல நின்ற இடத்திலேயே சுழலும். அதற்கு மேல் திறக்க வேண்டுமானால் குமிழ் தன் குழியை விட்டு முன்னோக்கிச் சறுக்க வேண்டும். சறுக்கும்போது குமிழுக்கும் குழிக்கும் இடையே உள்ள மெல்லிய வட்டு கூடவே நகரும்.

நெடுநேரம் வாயை அகலத் திறந்து வைத்திருக்கும்போது சிலருக்கு இந்த வட்டு முன்னால் நழுவிச் சிக்கிக்கொள்ளும். அப்போது சுழற்சி நடக்கும், சறுக்கல் நடக்காது. வாய் 25 அல்லது 30 மில்லிமீட்டரில் சட்டென்று நின்றுவிடும்; திறக்கும்போது மோவாய் பாதிக்கப்பட்ட பக்கமாகக் கோணும். தசை இறுக்கத்தில் விரலால் மென்மையாக அழுத்தினால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டுக்கொடுக்கும். வட்டுச் சிக்கலில் விட்டுக்கொடுக்காது. கட்டையில் இடித்ததுபோல் நிற்கும். ஞானப்பல் எடுக்கும் முன்பே தாடையில் ‘டக் டக்’ என்ற சத்தம் கேட்டவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டிச் சொல்வது நல்லது.

நேர்மாறான பூட்டும் உண்டு. குமிழ் அளவுக்கு மீறி முன்னால் தாண்டிவிட்டால் வாய் திறந்தபடியே நின்றுவிடும், மூட வராது. சுமார் கி.மு. 1600-ஐச் சேர்ந்த எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் சுவடியிலேயே இதைச் சரிசெய்யும் முறை இருக்கிறது: கட்டைவிரல்களை வாய்க்குள் தாடைமேல் வைத்து, மற்ற விரல்களால் மோவாயைப் பிடித்து, எலும்பை அதன் இடத்துக்குத் திருப்பிவிடுவது. இன்றைய அவசரப் பிரிவுகளிலும் ஏறக்குறைய இதையே செய்கிறார்கள்.

நாள் கணக்கு

தசை அழற்சியால் வரும் சாதாரண இறுக்கத்துக்கு ஓர் ஒழுங்கான கால அட்டவணை உண்டு. வீக்கமும் இறுக்கமும் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சிக்குப் போகும். நான்காம் நாளிலிருந்து இறங்கத் தொடங்கும். ஒரு வாரத்தில் கணிசமாகக் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலோருக்குப் பழைய நிலை திரும்பிவிடும். எடுத்துக்காட்டாக, அறுவைக்கு முன் 44 மில்லிமீட்டர் திறந்த வாய் மூன்றாம் நாள் 22-க்கு இறங்கி, ஐந்தாம் நாள் 27, ஏழாம் நாள் 34, பதினான்காம் நாள் 42 என்று ஏறினால் கவலைப்பட ஒன்றுமில்லை. எண் சிறியதா பெரியதா என்பதைவிட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே முக்கியம்.

அளப்பதற்கு ஓர் எளிய வழி: கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையை நீண்ட முக்கோணமாக வெட்டிக்கொள்ள வேண்டும். கூர்முனையை முன்பற்களுக்கு நடுவே நுழைத்து, மேலும் போகாமல் நிற்கும் இடத்தில் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுத வேண்டும். அந்தக் கோட்டின் இடத்தில் அட்டையின் அகலம்தான் வாயின் திறப்பு. காலையில் இறுக்கம் கூடுதலாகவும் மாலையில் குறைவாகவும் இருக்கும் என்பதால் தினமும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும்.

முதல் 24 மணி நேரம் குளிர்ச்சிக்கு உரியது. துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைக் கன்னத்தில் 15 அல்லது 20 நிமிடம் வைத்து, அதே அளவு நேரம் இடைவெளி விட வேண்டும். ஐஸ் வைப்பதால் வீக்கம் எவ்வளவு குறைகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. வலி தணிவது பலருக்கு உறுதி. முதல் நாள் வேகமாகக் கொப்பளிப்பது, காறித் துப்புவது, ஸ்ட்ராவால் உறிஞ்சுவது, புகைப்பது எதுவும் கூடாது. பல் இருந்த குழியில் உறைந்திருக்கும் இரத்தக் கட்டி பெயர்ந்து போனால் எலும்பு வெளியே தெரியும். மூன்றாம் நான்காம் நாளில் காதுவரை பாயும் வலியும் துர்நாற்றமும் வரும். உலர்குழி எனப்படும் இந்தச் சிக்கலுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது. பல் மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் வலி சீக்கிரமே அடங்கும்.

இரண்டாம் நாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பிட்ட பிறகெல்லாம் மென்மையாகக் கொப்பளிக்கலாம். 48 மணி நேரம் கடந்ததும் ஐஸுக்குப் பதில் ஒத்தடம். சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கன்னத்தில் 20 நிமிடம் வைத்தால் இரத்த ஓட்டம் கூடித் தசை இளகும். பயிற்சி செய்யச் சரியான நேரம் ஒத்தடம் முடிந்த கையோடுதான்.

பயிற்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இழுக்கிறது என்று தெரியும்வரை வாயைத் திறக்க வேண்டும், வலிக்கும் வரை அல்ல. அங்கேயே ஐந்து முதல் பத்து நொடி நிறுத்தி மெல்ல மூட வேண்டும். பிறகு மோவாயை வலம் இடமாக நகர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. மருத்துவர் சம்மதித்தால் சர்க்கரை சேர்க்காத சூயிங்கம் மெல்வதும் நல்ல பயிற்சி. ஒரு வாரம் கழித்தும் இறுக்கம் மிச்சமிருந்தால் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைக்கச் சொல்வார்கள். ஒரு குச்சி சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன். இன்று எட்டு நுழைந்தால் இரண்டு நாளில் ஒன்பது. கரண்டிக் காம்பை விட்டு நெம்புவதும், வீட்டில் இருப்பவர் இரு கையாலும் தாடையை இழுப்பதும் புதிதாகத் தசையைக் கிழிக்கும்.

சாப்பாட்டில் காரமும் மொறுமொறுப்பும் சில நாள் ஓய்வெடுக்கட்டும். ஆறிய கஞ்சி, குழைத்த தயிர் சாதம், பருப்புத் தண்ணீரில் ஊறவைத்த இட்லி, மசித்த வாழைப்பழம், பால், முட்டை போன்றவற்றில் பட்டினியில்லாமல் ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம். மருந்து வேளை தவறாமல் விழுங்கினால்தான் பயிற்சிக்குத் தசை ஒத்துழைக்கும்.

ஞானப்பல் என்னும் ஆய்வுக்கூடம்

வலி மாத்திரை பற்றி உலகம் அறிந்ததில் பெரும்பங்கு ஞானப்பல் நாற்காலியிலிருந்து வந்தது. 1970-களிலிருந்தே மருந்து ஆய்வாளர்களுக்கு இந்த அறுவை சிகிச்சை விருப்பமான களம். காரணம் எளிது. நோயாளிகள் பெரும்பாலும் இளைஞர்கள், வேறு நோய் இல்லாதவர்கள். அறுவை ஒரே மாதிரியானது. மரப்பு விட்டதும் எத்தனை மணிக்கு வலி தொடங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இருபுறமும் பல் எடுக்க வேண்டியவர் என்றால் இன்னும் வசதி. இந்த மாதம் இடப்பக்கத்துக்கு ஒரு மருந்து, அடுத்த மாதம் வலப்பக்கத்துக்கு இன்னொன்று. நோயாளியே தனக்கு ஒப்பீடு.

வலிக்கு நோயாளியின் வாய்மொழிதான் அளவு. வீக்கத்துக்குக் காது முதல் உதட்டு மூலைவரை நாடா பிடிக்கிறார்கள். தாடை இறுக்கத்துக்கு முன்பற்களின் இடைவெளியை அறுவைக்கு முன்பும், பிறகு இரண்டாம் ஏழாம் நாள்களிலும் அளக்கிறார்கள். இப்படிச் சேர்ந்த ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2013-ல் திறனாய்வு செய்தது. 400 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென், 1000 மில்லிகிராம் பாராசிட்டமாலைவிட நன்றாக வலியைத் தணிப்பதாகவும், இரண்டும் சேர்ந்தால் பலன் கூடும் அறிகுறி இருப்பதாகவும் அது முடிவு சொன்னது. அறுவையையொட்டிக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு முதல் சில நாள்களின் வீக்கத்தையும் வாய் இறுக்கத்தையும் குறைப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இவற்றைக் கேட்டுவிட்டு மருந்துக் கடைக்கு ஓடக் கூடாது. குடற்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஐபுப்ரோஃபென் தீங்கு செய்யும்; ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு மூச்சிரைப்பைத் தூண்டும். ஸ்டீராய்டு சர்க்கரை நோயாளியின் இரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். மிச்சம் கிடக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை விழுங்குவதால் தசை இளகப்போவதும் இல்லை. அது கிருமியைத்தான் தாக்கும், அழற்சியை அல்ல.

எண் கீழே இறங்கினால்

நான்காம் ஐந்தாம் நாளில் ஏற வேண்டிய எண் இறங்குகிறது, கூடவே காய்ச்சல் வருகிறது என்றால் கணக்கு மாறுகிறது. கடைவாய் மூலையில் தசைகளுக்கு இடையே தளர்வான இடைவெளிகள் உண்டு. அங்கே கிருமி புகுந்து சீழ் பிடித்தால் அது தசைகளைப் பிடித்துக்கொண்டு தொண்டைப் பக்கமாகவும் கழுத்துப் பக்கமாகவும் இறங்கும். வெளியே பெரிய வீக்கமே தெரியாமல் வாய் மட்டும் அடியோடு மூடிக்கொள்வதும் உண்டு. சீழ் உட்பக்கம் தேங்கியிருப்பதற்கு அது அடையாளம்.

1836-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து மருத்துவர் வில்ஹெல்ம் ஃபிரெடெரிக் ஃபான் லுட்விக், மோவாய்க்குக் கீழே இருபுறமும் பலகைபோல் கெட்டித்து, நாக்கை மேலே தள்ளி, மூச்சை அடைத்துக் கொல்லும் ஒரு தொற்றை விவரித்தார். அவர் பெயரால் இன்றும் லுட்விக் ஆஞ்சைனா எனப்படும் அந்த நோய் பெரும்பாலும் கீழ்க் கடைவாய்ப் பற்களிலிருந்தே தொடங்குகிறது. ஆன்டிபயாடிக் வருவதற்கு முன்பு அது பாதிக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது.

இத்தகைய நோயாளியைக் கண்டால் மயக்க மருத்துவர்தான் முதலில் கவலைப்படுவார். மூச்சுக்குழாய்க்குள் குழாயைச் செலுத்த வாய் திறக்க வேண்டும், வாய் திறக்காது. நோயாளி விழித்திருக்கும்போதே வளையும் கேமராக் குழாயை மூக்கு வழியே நுழைத்துப் பாதை பிடிக்க வேண்டியிருக்கும். அதற்கும் வழியில்லை என்றால் கழுத்தில் துளையிட வேண்டும். அதனால்தான் எச்சில் விழுங்க முடியாமை, குரல் கம்முதல், நாக்குக்கு அடியில் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

நிஜமான தாடைப் பூட்டு

டிடி ஊசி போட்டாயா என்று கேட்கும் வீட்டார் பயப்படும் இரணஜன்னிக்கு (டெட்டனஸ்) வருவோம். 1842 ஜனவரியில் அமெரிக்காவின் கான்கார்டில், எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவின் அண்ணன் ஜான், சவரக் கத்தியைத் தீட்டும்போது விரலில் சிறிதாகக் கீறிக்கொண்டார். பத்து நாளில் இறந்தார். 1869-ல் புரூக்ளின் பாலத்தை வடிவமைத்த ஜான் ரோப்ளிங், படகுத் துறையில் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது கால் நசுங்கி, விரல்கள் அகற்றப்பட்டு, மூன்று வாரம் கழித்து அதே நோயில் மாண்டார். பாலத்தை மகன்தான் கட்டி முடிக்க வேண்டியிருந்தது.

மண்ணிலும் சாணத்திலும் உறங்கும் கிளாஸ்டிரிடியம் டெட்டனி என்ற கிருமி, காற்றுப் படாத ஆழமான காயத்தில் விழித்து நஞ்சைச் சுரக்கிறது. நஞ்சு நரம்புகள் வழியே தண்டுவடத்துக்கும் மூளைத்தண்டுக்கும் ஏறி, ‘தசையே, தளரு’ என்று சொல்லும் சமிக்ஞைகளை அடைத்துவிடுகிறது. நீளம் குறைந்த நரம்புகளில் அது முதலில் போய்ச் சேரும். ஆகவே பெரும்பாலும் தாடைதான் முதலில் பூட்டிக்கொள்ளும். 1889-ல் ஜப்பானின் கிடசாட்டோ ஷிபசபுரோ இக்கிருமியைத் தனியே பிரித்தார். அடுத்த ஆண்டே எமில் ஃபான் பெரிங்குடன் சேர்ந்து அதற்கு எதிர்நஞ்சையும் காட்டினார். பின்னால் தடுப்பூசி வந்தது. பிரசவத்தில் தாயையும் சிசுவையும் தாக்கும் இரணஜன்னியை ஒழித்துவிட்ட நாடாக இந்தியா 2015-ல் ஏற்கப்பட்டது.

பல் எடுத்ததால் இரணஜன்னி வருவது மிக மிக அரிது. அடையாளமும் வேறு. ஞானப்பல் இறுக்கம் ஒரு பக்கம் மட்டும் வலிக்கும். கழுத்தும் முதுகும் சும்மா இருக்கும். இரணஜன்னியில் இருபுறமும் பூட்டும், கழுத்து விறைக்கும், விழுங்க முடியாது, சத்தமும் வெளிச்சமும் பட்டால் உடம்பு முழுக்க இழுக்கும். மும்பை மருத்துவர்கள் 1995-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தொண்டையின் பின்சுவரை ஒரு தட்டைக் குச்சியால் தொட்டால், மற்றவர்கள் குமட்டிக் குச்சியைத் தள்ளுவார்கள். இரணஜன்னி நோயாளியோ குச்சியைக் கடித்துப் பிடித்துக்கொள்வார். நோய் இருந்தவர்களில் 94 சதவீதம் பேரை இந்த ஒரு குச்சி சரியாகக் காட்டிக்கொடுத்தது. இது மருத்துவர் செய்ய வேண்டிய சோதனை, வீட்டில் செய்து பார்ப்பதற்கல்ல.

பல் எடுக்கும் முன்பே திறக்காத வாய்

இந்தியாவில் பல் மருத்துவர்கள் அடிக்கடி சந்திக்கும் இன்னொரு இறுக்கம் இருக்கிறது. அறுவைக்கு முன்பே இவர்களுக்கு இரண்டு விரல்தான் நுழையும். காரம் பட்டால் வாய் எரியும். கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, விரலால் தடவினால் கயிறு கயிறாகத் தட்டுப்படும். 1952-ல் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸ் என்பவர் இதை விவரித்தார். 1953-ல் பம்பாயின் ஜோஷி இதற்குச் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ் என்ற பெயரைத் தந்தார்.

காரணம் பாக்கு. அதில் உள்ள அரிகோலின், வாய்த்தோலுக்கு அடியில் கொலாஜன் நார்களைப் பெருக வைக்கிறது. பாக்கில் மிகுந்திருக்கும் செம்பு அந்த நார்களை ஒன்றோடொன்று பின்னிக் கெட்டிப்படுத்த உதவுகிறது. இந்த இறுக்கம் ஒத்தடத்துக்கும் இரண்டு வாரப் பயிற்சிக்கும் இளகாது. சிலருக்கு அது புற்றுநோயாகவும் மாறுகிறது. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய்க் காரணி என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அறிவித்தது. தமிழகத்தில் 2013-ல் குட்காவுக்குத் தடை வந்தது. வெறும் பாக்குக்குத் தடை இல்லை. பாக்குப் பழக்கம் உள்ளவர் பல் எடுத்த பின் வாய் திறக்கவில்லை என்றால், பழியை எல்லாம் அந்தப் பல்லின் மேல் போட்டுவிட முடியாது. பழக்கத்தை மறைக்காமல் சொன்னால்தான் மருத்துவர் சரியான இடத்தில் தேடுவார்.

ஞானப்பல் எடுக்கத் தேதி குறித்தவர்கள் முந்தின நாளே வாயை அளந்து எழுதி வைக்கட்டும். கடைசியாக டிடி ஊசி போட்ட ஆண்டையும் அதன் பக்கத்தில் குறிக்கட்டும். ஒரு வாரமாகியும் எண் ஏறவில்லை என்றால் மருத்துவரை அழைக்க வேண்டும். பல் எடுத்த தேதி, அன்றைய திறப்பு, இன்றைய திறப்பு, உடல் வெப்பம், எச்சில் விழுங்க முடிகிறதா என்ற ஐந்து விவரங்கள் போதும். காத்திருக்கலாமா, உடனே வர வேண்டுமா என்பதைப் பெரும்பாலும் தொலைபேசியிலேயே அவரால் சொல்லிவிட முடியும்.